ரத்தத்தைத் திருப்பிக் கேட்ட தாய்

ஒரு திங்கட்கிழமை காலை, புதுக்கோட்டையில் இருந்த எங்கள் ஆய்வு அலுவலகத்துக்கு ராணி வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“எம்மககிட்ட எடுத்த ரத்தத்தைத் திருப்பிக் குடுங்க மேடம்” என்றார்.

ரத்தம் கொடுப்பதற்கு எங்களிடம் நான்கு பக்கப் படிவம் இருந்தது. திரும்ப வாங்குவதற்குப் படிவம் இல்லை.

நான் அப்போது கள மேற்பார்வையாளர். எபிஜெனெடிக்ஸ் ஆய்வு. மரபணு அப்படியேதான் இருக்கும். அதன் மேல் ஒட்டும் சிறு வேதிக் குறிகள், எது வேலை செய்யலாம், எது சும்மா இருக்கலாம் என்பதை மாற்றும். கருவில் இருக்கும்போது நேர்வது அந்தக் குறிகளை மாற்றுகிறதா, அதனால் பின்னால் நோய் வருகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ராணியின் ஏழு வயது மகளுக்கு மூச்சிரைக்கும் வீசிங் இருந்தது.

போன வாரம் ரத்தம் எடுக்க வல்லத்திராக்கோட்டையில் அவர் வீட்டுக்குப் போனபோது நான் சொன்னது இதுதான்: “அம்மா மாசமா இருக்கும்போது சரியாச் சாப்பிடலைன்னா, பின்னாடி அது பிள்ளைக்கு நோயா வரலாம்.” அவர் கணவர் செல்வம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“மாசமா இருந்தப்ப எனக்கு ஒரே வாந்தி மேடம்” என்றார் ராணி. “ தண்ணிகூடத் தங்கலை. அதை வச்சு, ‘ஒன்னாலதான் பிள்ளைக்கு இப்படி, மேடமே சொல்லிட்டாங்க’ன்னு திட்டுறாரு. நான் அன்னவாசல்ல எங்க ஆத்தா வீட்டுக்கு வந்துட்டேன். பிள்ளைய அனுப்ப மாட்டேங்குறாரு.”

ஆய்வுப் பொறுப்பு டாக்டரிடம் சொன்னேன். “ஒரு சாம்பிள் கொறஞ்சிருமே. பேசிச் சமாளிங்க” என்றார்.

மறுநாள் வல்லத்திராக்கோட்டைக்குப் போனேன். செல்வம் கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்ப்பவர். மரியாதையாக நாற்காலி போட்டார்.

“நீங்க சொன்னதைத்தானே மேடம் நானும் சொன்னேன்?”

“நான் பாதிதான் சொன்னேன். நிறைய பேரைச் சேத்துப் பாத்தாத்தான் ஏதாச்சும் தெரியும். ஒரு பிள்ளைக்கு யாரால வந்துச்சுன்னு இந்த ரத்தம் சொல்லாதுங்க.”

“அப்ப காரணம் ஒங்களுக்கே தெரியாதா?”

“தெரியாது. அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நான் தெனமும் கிரஷர் தூசியோடதான் வீட்டுக்கு வாரேன். அதாலயா இருக்குமா மேடம்?” என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் ராணியின் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். சொல்லவில்லை. “தூசி வீசிங்கைக் கூட்டும். குளிச்சிட்டுப் பிள்ளையத் தூக்குங்க. ஆனா வந்ததே ஒங்களாலன்னு என்னால சொல்ல முடியாது.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கள் ஆய்வுக் கேள்வித்தாளில் தாய்க்கு ஐந்து பக்கம் கேள்விகள். தந்தைக்குப் பெயரும் வயதும் மட்டும்.

அந்தச் சனிக்கிழமை செல்வம் மகளைக் கூட்டிக்கொண்டு அன்னவாசலுக்குப் போனார். மூவருமாக ஊர் திரும்பினார்கள். ஆனாலும் ராணி ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார்.

“கோவமெல்லாம் இல்ல மேடம். ஆனா அது இங்க இருக்க வேணாம்.”

அவர் கண் முன்னாலேயே சாம்பிளை அழித்தேன். டாக்டர் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. பிறகு ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி சேர்த்தோம்: ‘நோய் யாரால் வந்தது என்று இந்த ஆய்வு சொல்லாது.’ கேள்வித்தாளில் தந்தைக்கும் இரண்டு பக்கம் சேர்த்தோம்.

தெரியாததை முதலில் சொல்லிவிட்டு, தெரிந்ததைப் பிறகு சொல்ல வேண்டும் என்பது நான் கற்றுக்கொண்டது. புதிதாக வேலைக்கு வருபவர்கள், “மக்களுக்கு எளிமையாச் சொன்னாப் போதும்ல?” என்று கேட்கிறார்கள். நான் ராணி வீட்டில் சொன்னது எளிமையாகத்தான் இருந்தது. செல்வத்துக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது.