சார் கட்டிய கிழங்கு

எனக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது. பள்ளிக்கூடத்தில் என் பேனாவை உடைத்தவளோடு இன்றுவரை நான் பேசியதில்லை. அவள் கல்யாணத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் வந்தவள் நான். அதனால், எங்கள் ஆய்வகத்துச் சார் என் அப்பாவின் கடையில் வைத்து என்னைப் பற்றிச் சொன்ன சொல்லை நான் மறந்திருப்பேன் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு என்னைத் தெரியாது.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் எங்கள் கல்லூரி. அதன் பின்கட்டில் இரண்டே அறைகள் கொண்டது ஆய்வகம். வடக்கே ஈர்ப்பு அலைகளைப் பிடிக்க ஒரு பெரிய ஆய்வுக்கூடம் கட்டுகிறார்கள். எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதினால் ஒரு நடுக்கம் பரவும். அது பூமிக்கு வந்து சேரும்போது அணுவைவிடச் சிறிய அசைவுதான் மிச்சமிருக்கும். அதை லேசரால் அளக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒத்தாசையாக ஒரு மேசை நீளத்தில் நாங்கள் சின்ன மாதிரி ஒன்று வைத்திருந்தோம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே லேசர் ஒளி போய்ப் போய் வரும். கண்ணாடிகளின் இடைவெளி இம்மியும் மாறாமல் இருந்தால் ஒளி உள்ளேயே தங்கிப் பெருகும். கண்ணாடி நகர நகர இழுத்துப் பிடித்து நிறுத்துவதைத்தான் லாக் என்போம். லாக் போனால் திரையில் உச்சியில் ஓடும் கோடு தொப்பென்று கீழே விழும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

லாக் பிடிப்பது என் வேலை. நன்றாகத்தான் செய்தேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது தரையும் சேர்ந்து ஆடும். நமக்குத் தெரியாது, கண்ணாடிக்குத் தெரியும். அந்த மாதங்களில் லாக் அடிக்கடி போனது. சார் முதலில் சரக்கு லாரிகளைக் குறை சொன்னார். பிறகு ரயிலைச் சொன்னார். நான் கடல்தான் என்று கிராஃப் போட்டுக் காட்டினேன். அதில் எனக்குப் பெயர் வந்துவிடும் என்று தோன்றியதோ என்னவோ, அவர் குறை சொல்லும் வரிசையில் அடுத்ததாக நான் வந்து சேர்ந்தேன்.

அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. சார் தாமிரபரணிக் கரைக்காரர். அரிசி அவருக்கு ஊரிலிருந்து வரும், மற்றதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் அப்பா கடையில்தான். சார் வந்தால் போதும், பையோடு முன்னால் நிற்கிற பெண்களையெல்லாம் விட்டுவிட்டு அப்பா அவரைக் கவனிப்பார். ஸ்டூலைத் துண்டால் துடைத்துப் போடுவார். ஒரு பன்னீர் சோடாவை உடைத்துக் கையில் கொடுப்பார். மகளுக்கு லேசர் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் அல்லவா.

அந்தச் சனிக்கிழமை நான் கடையின் உள்ளே வத்தல் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தேன். நான் இருப்பது சாருக்குத் தெரியும்.

"வேல எப்படிப் போகுது சார்?" என்று அப்பா கேட்டார்.

"என்னத்தச் சொல்ல அண்ணாச்சி. மெஷின் நல்லாத்தான் ஓடுது. உங்க பொண்ணு போய் நின்னா நின்னுபோகுது. கைராசின்னு ஒண்ணு இருக்குல்லா." சோடாவை ஒரு வாய் குடித்துக்கொண்டார். "ஆகாத கைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழங்கை எடுத்துக் காகிதத்தில் சுற்றிச் சாரிடம் கொடுத்தார். ஆகாசக் கருடன் கிழங்கு. எங்கள் பக்கம் பாதிக் கடைகளில் வாசலில் கறுப்புக் கயிற்றில் தொங்கும். மண்ணும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், தொங்கியபடியே துளிர்த்துக் கொடி விடும். துளிர்த்தால் கடைக்கு நல்லது, அழுகினால் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பார்கள்.

"வாசல்ல கட்டுங்க சார். கண்ணு பட்டிருந்தா போயிரும்" என்றார் அப்பா.

சார் போன பிறகு உள்ளே வந்தார். "ஏளா, கொஞ்சம் பாத்து நடந்துக்கோ. அவ்வளவு படிச்சவாவ சும்மாவா சொல்லுவாவ?"

சார் சொன்னது எனக்கு எரிந்தது. அப்பா அதை நம்பியது வலித்தது. அந்த வலிக்கும் சேர்த்துச் சாரிடமே வசூலிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை சார் கிழங்கைக் கட்டினார். வாசலில் கட்டினால் வேதியியல் துறைக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்று, லேசர் இருக்கும் உள்ளறையில், கதவுக்கு மேலே உட்பக்கமாகக் கட்டினார். அந்த இடத்தில்தான் கேபிள்கள் எல்லாம் ஒரு தகரத் தட்டில் படுத்து, கூரையோரமாகவே மேசைவரை போகும். கட்டிய கையோடு என்னை மேசையிலிருந்து எடுத்துவிட்டார். முன்னறையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதும், உள்ளறையில் கடல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரத்தின் அடியில் சேரும் தண்ணீரை வாளியில் எடுத்துக் கொட்டுவதும் என் வேலை. ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்தவள் வாளி தூக்கினேன்.

தை பிறந்தது. கடல் அடங்கியது. லாக் அசையாமல் நின்றது. சார் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. "பாத்தியாம்மா?" என்று கிழங்கைப் பார்த்து ஒரு கும்பிடு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. கடலைப் பற்றி நான் மறுபடி வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

பங்குனியில் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை கடல் குளம் மாதிரிக் கிடந்தது. லாரிகளும் காரணமில்லை. கோடு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், சட்டென்று விழும். சாரும் மற்ற மாணவர்களும் மேசையின் மேல் லேசரை மூடியிருக்கும் கறுப்புப் பெட்டியைத் தூக்கிக் கண்ணாடிகளைத் துடைத்துச் சரிபார்ப்பார்கள். குறை ஒன்றும் தெரியாது. மூடிவிட்டு வந்தால் அரை நாள் ஓடும், அப்புறம் விழும். "வாளி எடுக்கன்னு அவ உள்ள போறால்லா" என்று சார் மற்ற மாணவர்களிடம் சொன்னது என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னது.

நாள் முழுதும் திரையைப் பார்ப்பவளுக்கு வேறென்ன வேலை. உள்ளறையில் இரண்டு ஏசி உண்டு, முறை வைத்து ஓடும். கறுப்புத் தாள் ஒட்டி அடைத்த ஜன்னல் பக்கத்து ஏசி ஓடும்போது லாக் நிற்கிறது, கதவுப் பக்கத்து ஏசி ஓடும்போதுதான் போகிறது என்று கண்டுபிடித்தேன். ஒழுங்காகப் போய்ச் சாரிடம் சொன்னேன். "ரெண்டு வருசமா அதே ஏசிதானம்மா ஓடுது? ஏசி மேல பழியப் போடாத" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. அன்றே ஒழுங்காக விசாரித்திருந்தால் அவருக்கு இந்தக் கதி வந்திருக்காது.

ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். விளக்குப் போடாமல் வாளி எடுக்கக் குனிந்தவள், போனின் டார்ச்சை மேலே காட்டினேன். கேபிள் தட்டிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் தொங்கியது. கேபிள் கட்டும் நூல் என்றுதான் நினைத்தேன். அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெளிறிய இலை இருந்தது.

கிழங்கு கொடி விட்டிருந்தது. இருட்டறையில் செடிக்கு வெளிச்சம் எங்கே? லேசரோ கண்ணுக்குத் தெரியாத ஒளி. அந்த அறையில் எப்போதும் எரிவது பெட்டிக்குள் இருக்கும் கருவி ஒன்றின் சின்ன நீல விளக்குதான். அதைத் தேடிக்கொண்டு கொடி கதவிலிருந்து தட்டு வழியாகவே வந்து, பெட்டியின் மேற்பக்கம் கேபிள்கள் நுழையும் ஓட்டையில் தானும் நுழைந்திருந்தது. பெட்டியின் பக்கத்தில் திருகாணி போட்ட சின்னக் கதவு ஒன்று உண்டு, யாரும் திறப்பதில்லை. திறந்து பார்த்தேன். கொடியின் நுனி லேசர் போகும் பாதைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. கதவுப் பக்கத்து ஏசியின் காற்று தட்டில் பட்டதும் நுனி தலையாட்டி ஒளிக்குள் இறங்கியது, ஏறியது. நுனி கருகியிருந்தது. கீழே கடுகு போலச் சில கருகல்கள் கிடந்தன. பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் ஓட்டையோடு கொடியும் மேலே போய்விடுகிறது. பிறகு யாருக்குத் தெரியும்?

கிள்ளிவிடத்தான் கையை நீட்டினேன். இரண்டு விரலுக்கும் நடுவில் கொடி இருந்தது. கடையில் சிரித்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். கையை எடுத்துவிட்டேன். கதவைத் திருகாணி போட்டு மூடி, வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தப் பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்து ஆட்கள் வந்து பார்க்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. அடுத்த கட்ட வேலையை எங்களுக்குத் தருவதா வேண்டாமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அதுவரை அந்தக் கொடியைக் கண் போலப் பாதுகாத்தேன். கூட்டிப் பெருக்க வரும் தருவைகுளத்து அக்கா ஒருநாள் நீளத் துடைப்பத்தோடு கேபிள் தட்டைக் குறிவைத்து வந்தார்.

"அங்கன தொடாதீங்க அக்கா, சார் ஏசுவாவ" என்றேன்.

"ஒட்டட தொங்குதேம்மா."

"தொங்கட்டும்க்கா."

சார் ஏசும்போதெல்லாம் சரி சார் என்று சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் ஏச்சு வாங்கியதே இல்லை.

வந்தவர்களில் மூத்தவர் ஒரு அம்மா, அதிகம் பேசாதவர். சார் விளக்கினார். இடையில் லாக் போய்க்கொண்டிருந்தது, ஒரு மாணவியின் கவனக்குறைவு, இப்போது அவரை மேசையிலிருந்து எடுத்துவிட்டோம் என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு உள்ளறைக்கே கொண்டுவந்து வைத்திருந்த திரையில் கோடு உச்சியில் ஓடியது. ஜன்னல் பக்கத்து ஏசி முறை. சித்திரை வெயில், சின்ன அறையில் அத்தனை பேர். வந்த ஒருவர் கழுத்தைத் துடைத்தார்.

"ஏம்மா, இன்னொரு ஏசியையும் போடு" என்றார் சார்.

"அதப் போட்டா லாக் போயிரும் சார்."

எச்சரிக்க வேண்டியது என் கடமை, எச்சரித்தேன். அவர் கேட்க மாட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "இப்படித்தான், வாயத் தொறந்தாலே லாக் போகும்னு சொல்லுவா" என்று எல்லோரிடமும் சிரித்தார். "போடும்மா."

போட்டேன். கோடு விழுந்தது. அணைத்தேன், லாக் பிடித்துக் காட்டினேன். மறுபடி போட்டேன், விழுந்தது. அந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஏன்?" என்று என்னைத்தான் கேட்டார்.

லேசரை அணைத்துவிட்டுப் பெட்டியின் சின்னக் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். அவர் குனிந்து பார்த்தார். நுனியிலிருந்து கொடியைப் பிடித்தபடியே அவர் பார்வை ஓட்டைக்குப் போய், தட்டு வழியாகக் கதவுக்குப் போய், கிழங்கில் நின்றது. "இது என்ன? யார் கட்டியது?"

எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். "அது... பக்கத்துக் கடையில அண்ணாச்சி ஒருத்தர் குடுத்தார்" என்றார் சார்.

"அந்த அண்ணாச்சி என் அப்பா" என்றேன். "வாசல்ல கட்டச் சொன்னார். உள்ள கட்டுனது சார்."

ஏசியைப் பற்றி முன்பே சொன்னாயா என்று அந்த அம்மா கேட்டார். சொன்னேன் என்றேன். கொடியை எப்போது பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

அடுத்த கட்ட வேலை எங்களுக்குக் கிடைத்தது, லாக்கை நான்தான் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சார் என்னை அறைக்குக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து மேசைக்கு வந்துவிடு என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

"சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வாங்க சார். அன்னைக்கு எங்க வச்சுச் சொன்னீங்களோ அங்க வச்சு இதையும் சொல்லுங்க. அப்புறம் வாரேன்."

அவர் முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் எனக்குப் பசி எடுக்கும்.

வந்தார். கடை நிறையக் கூட்டம். அப்பா வழக்கம் போல ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, சோடாப் புட்டியைக் கையில் எடுத்தார். "வாங்க சார். கிழங்கு வேல செஞ்சுதா?"

சார் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். நான் உள்ளேயிருந்து வெளியே வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணாச்சி... உங்க பொண்ணு கையில தப்பில்ல. நான் கட்டுன கிழங்குக் கொடிதான் உள்ள போய் லேசர மறிச்சிருக்கு. அவதான் கண்டுபிடிச்சா. நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." தரையைப் பார்த்துச் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அப்பா சோடாப் புட்டியை உடைக்காமல் கல்லா மேல் வைத்தார். சார் பையிலிருந்து பட்டியலை எடுத்து நீட்டினார், எப்போதும் போல முன்னால் வந்து.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றார் அப்பா. "இந்த அக்கா முன்னமே வந்தாவ."

கால் கிலோ உளுந்து கேட்ட அக்காவுக்கு நிதானமாக நிறுத்துப் போட்டார். அடுத்தவருக்குப் போட்டார். சார் ஸ்டூலில் உட்காரவில்லை, பையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். அப்பாவின் கையருகே எடுத்து வைத்த சோடாப் புட்டி அப்படியே இருந்தது. நடுவில் அப்பா அதை எடுத்து உடைத்தார், நுரை அடங்கும்வரை பிடித்திருந்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

சார் பார்க்கும்படி நின்று, மெதுவாகக் குடித்தேன்.