வெள்ளிக்கிழமைக் கணக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்துக்கு, இப்போதைய எட்டாம் வகுப்புக்கு, கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அப்படிப்பட்டவளிடம் முப்பது பெண்களை ஒப்படைத்தார்கள். முப்பது பேருக்கும் கணக்கு என்றால் வேப்பங்காய்.

அவர்களுக்கெல்லாம் தலைவி கடைசி பெஞ்சில் இருந்தாள். பதின்மூன்று வயது இருக்கும். வெள்ளி தவிர மற்ற நாட்களில் என்னுடைய வகுப்புதான் கடைசி வகுப்பு. மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அவள் புத்தகங்களைப் பையில் அடுக்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்துவிடுவாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பையை எடுப்பார்கள். நான் கரும்பலகையோடு பேசிக்கொண்டிருப்பேன்.

எங்கள் பாடப்புத்தகம் சீமைப் புத்தகம் ஒன்றைத் தமிழாக்கியது. அதில் ஒருவர் தம் வீட்டு அறையின் சுவர்களுக்குப் பூப்போட்ட காகிதம் ஒட்டுவார். எத்தனை கெஜம் காகிதம் வேண்டும் என்பது கேள்வி. ஒருநாள் கடைசி பெஞ்சுக்காரி எழுந்து, "சுவத்துக்கு எதுக்கு டீச்சர் காகிதம்? சுண்ணாம்பு அடிச்சாப் போறாதா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சுரீரென்று ஏறியது. பெஞ்சின்மேல் நிற்கச் சொன்னேன். அங்கே நின்றால் ஜன்னல் வழியே தெப்பக்குளம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அவள் மணி அடிக்கும்வரை சுகமாக வேடிக்கை பார்த்தாள்.

அரைவருஷப் பரீட்சையில் ஆறு பேர்தான் தேறினார்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். "இவர்களுடைய அம்மாக்கள், பெண் என்ன கணக்கப்பிள்ளை உத்தியோகத்துக்கா போகப் போகிறாள் என்று கேட்கிறார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்து பார்ப்பார்கள். இந்த வகுப்பு தேறாது என்று அவர்களும் எழுதிவிட்டால், கணக்கு நேரத்தைத் தையலுக்குக் கொடுத்துவிடப் போகிறோம். அப்புறம் உங்களுக்கு இங்கே வேலை இருக்காது" என்றார். அவர் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை என்பது மறுவாரமே தெரிந்தது. இரண்டு தையல் இயந்திரங்கள் வந்து, துணி போர்த்தி, என் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்துகொண்டன. தினமும் அவற்றைத் தாண்டித்தான் நான் உள்ளே போகவேண்டும்.

அப்போது நான் தியாகராய நகரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். ஏரியைத் தூர்த்த இடம். எங்கள் தெருவில் மொத்தம் நாலு வீடு. இயந்திரங்கள் வந்த அன்று சாயங்காலம் புத்தகத்தைக் கையில் எடுத்து நானே ஒரு வாசகியாகப் படித்துப் பார்த்தேன். சுவருக்குக் காகிதம் எதற்கு என்று எனக்கும் விளங்கவில்லை. அந்தப் பெண்ணைப் பெஞ்சில் ஏற்றியதற்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து கணக்குகளை நானே எழுத ஆரம்பித்தேன். குழாய் நிரப்பும் தொட்டியைத் தெப்பக்குளமாக மாற்றினேன். லண்டன் ரயிலை லஸ் முனையிலிருந்து புறப்படும் டிராமாக்கினேன். பாலில் தண்ணீர் கலக்கும் கணக்கைப் போட்டதும் கடைசி பெஞ்சு எழுந்தது. "எங்காத்துல மாட்டை வாசல்ல கொண்டுவந்து, அம்மா கண்ணெதிர்லதான் கறக்கறான். எப்படி டீச்சர் கலப்பான்?" என்றாள். நான் கோபப்படவில்லை. "நீயே சொல்லு" என்றேன். பாத்திரத்தில் முன்னதாகவே கால் படி தண்ணீர் வைத்துக்கொண்டு வந்திருப்பான் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். இனி பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லவேண்டும் என்று வகுப்பே தீர்மானித்தது. போகிற போக்கில் கணக்கையும் போட்டுவிட்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பை மட்டும் வழக்கம்போல் மடிக்கு வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் கடைசி வகுப்பு பாட்டு; அவருக்காக அதைக் கணக்காக மாற்றினார்கள். பெண்களை மாட்டுவண்டியில் அழைத்துவரும் ஆயாதான் முதலில் ஓடிவந்து சொன்னாள்: "டீச்சரம்மா, அந்த அம்மா வந்துக்கினு கீறாங்க. மொகத்துல சிரிப்பே இல்ல."

உண்மைதான். மூக்குக்கண்ணாடி, உயர்ந்த காலர் வைத்த ரவிக்கை, கையில் குறிப்புப் புத்தகம். பின்னாலேயே தலைமையாசிரியை. நான் எழுதிவைத்திருந்த கணக்குகளைப் புரட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்பெக்டர் அம்மாளே வாசித்தார். "ஒரு வீட்டில் நாற்பத்தெட்டு படி அரிசி இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை அந்த வீட்டு அம்மாள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். மிச்சத்தில் தினம் இரண்டு படி சமைத்தால் எத்தனை நாளைக்கு வரும்?"

சுலபமான கணக்கு. ஆனால் ஒரு கையும் உயரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கடைசி பெஞ்சு எழுந்து, "இருபத்துநாலு நாள்" என்றது.

"தப்பு. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாளே?" என்றார் அவர்.

"கொடுத்திருக்க மாட்டா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

முப்பது தலைகளும் ஆமாம் என்று ஆடின. வெள்ளிக்கிழமையன்று அரிசி, உப்பு, மஞ்சள் எதையும் வீட்டைவிட்டு வெளியே கொடுக்கமாட்டார்கள், லட்சுமி போய்விடுவாள். எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். கணக்கை வீட்டுக்குள் கொண்டுபோனவள் நான். வீட்டு வழக்கம் கணக்குக்குள் வரும் என்று நினைக்கவில்லை. தலைமையாசிரியையின் கண் வராந்தாப் பக்கம் போயிற்று.

பழைய நானாக இருந்தால் கத்தியிருப்பேன். ஆனால் நாற்பத்தெட்டை இரண்டால் வகுத்தால் இருபத்துநாலுதான். அவள் கணக்கில் தப்பில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த அம்மாள் நேற்றே கொடுத்துவிட்டாள்" என்றேன்.

"பதினாறு நாள்" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் பேனாவை எடுத்தார். கடைசி பெஞ்சு உட்காரவில்லை. "இல்லை டீச்சர். நேத்திக்கும் ரெண்டு படி சமைச்சிருப்பாளே. இன்னிலேர்ந்து பதினஞ்சு நாள்தான்."

"கொடுத்துட்டுச் சமைச்சாளா, சமைச்சுட்டுக் கொடுத்தாளா?" என்று முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். நான் அடக்கப் போனேன். இன்ஸ்பெக்டர் அம்மாள் கையமர்த்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்போது மணி அடித்தது. வழக்கம் விடாமல் என் கண் கடைசி பெஞ்சுக்குப் போனது. அவள் மடியில் பை இல்லை. புத்தகம், நோட்டு எல்லாம் பெஞ்சின்மேல் அப்படி அப்படியே கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே ஆயா, "வண்டி நின்னுக்கினு கீது, வாங்கம்மா" என்று குரல் கொடுத்தாள்.

"கொஞ்சம் இரு ஆயா" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. கரும்பலகைக்கு வந்து என் கையிலிருந்த சாக்கட்டியை வாங்கிக்கொண்டாள். "சமைச்சுட்டுக் கொடுத்திருந்தா மிச்சம் நாப்பத்தாறு. அதை மூணு பங்கு போட்டா சரியா வராது. அதனால காலம்பறவே கொடுத்துட்டா." எழுதிக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் சிரித்துவிட்டார். எழுந்து போகும்போது தலைமையாசிரியையிடம், "அந்த இயந்திரங்களுக்கு வேறு அறை பாருங்கள். வராந்தாவில் துருப்பிடித்துவிடும்" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் அவளுடைய நோட்டுகளை நானே அடுக்கிப் பையில் போட்டு, வண்டிவரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். நேரமாக்கிவிட்டேன் என்று ஆயா என்னைத் திட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்பச் சொன்னாள்.