கைக்குழந்தைக்காரர்களின் வேன்

கல்யாணமான புதிதில் தசரதனுக்குத் தன் மனைவியிடம் ஒரு விஷயம் புரியவே இல்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதற்காகப் போனாலும் கண்ணகி அங்கங்கே நின்று, பஸ்களின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டே வருவாள். திருப்பதி, பெங்களூர், சேலம். அவள் தேசூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவனோ ஆரணிக் கொசப்பாளையத்தில் பிறந்து, கொசப்பாளையத்திலேயே பட்டுச் சேலை நெய்கிறவன். காலையில் தறிக்குழியில் காலை இறக்கினால் மிதிப்பதும் நூல் சுற்றிய நாடாவை இப்படியும் அப்படியும் தள்ளுவதுமாகப் பொழுது சாயும் வரை எழுந்திருக்க மாட்டான். தெருமுனைக் கடைக்குப் போவதையே அவன் ஒரு பிரயாணமாகத்தான் நினைத்தான்.

தொண்ணூற்றாறில் ஒருநாள், தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூல் முடிந்தது. புதுப் பாவு வந்து, ஆள் வைத்து அதை இழை இழையாகப் பழையதோடு பிணைக்கும் வரை தறி சும்மா நிற்கும். அந்த நாட்களில் நெசவாளிகள் நன்றாகத் தூங்குவார்கள், சினிமாவுக்குப் போவார்கள், ஒழுகுகிற கூரையில் ஓடு மாற்றுவார்கள். கண்ணகி வேறு யோசனை வைத்திருந்தாள்.

"ஏங்க, மகாபலிபுரம் போயி ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம். கொழந்தைக்குக் கடல் காட்டணும்."

மகள் சுபலட்சுமிக்கு அப்போது ஒரு வயசுகூட நிறையவில்லை.

"அதுக்கு நம்ம ஊடே இன்னும் முழுசா தெரியாது. கடலைப் பாத்து இன்னா பண்ணப்போவுது?" என்றான் தசரதன்.

அடுத்த வீட்டில் இருந்த அவன் அக்கா கமலத்துக்கு விஷயம் எட்டியது. கமலம் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் ஒன்றைப் பேசத் தெரியாதவள். "கொஞ்சம் வளரட்டும்டி. அஞ்சு வயசு ஆச்சுன்னா நெனப்புல நிக்கும். இப்ப கூட்டிகினு போறது செவிடன் காதுல சங்கு ஊதறாப்பல" என்றாள்.

கண்ணகி குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே பதில் சொன்னாள். "எங்கம்மாவும் இதத்தான் அண்ணி சொல்லிகினு இருந்தாங்க. புள்ளைங்க பெருசாவட்டும், எல்லாரும் ராமேஸ்வரம் போலாம்னு. நாங்க பெருசானோம். அதுக்குள்ள எங்கப்பா போயிட்டாரு, எங்கம்மாவுக்கு முட்டி மடங்கல. இப்ப தேசூரு கடைத்தெருவுக்கே ஆள் புடிச்சிகினுதான் போறாங்க."

தசரதன் தெருமுனைக் கடைக்குப் போய் பஸ் நேரம் விசாரித்து வந்தான். மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள்.

வந்தவாசி வரும் முன்பே குழந்தை வாந்தி எடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் வெள்ளை வேட்டி நனைந்தது. அவர் நல்ல மனுஷர், சிரித்தபடி துடைத்துக்கொண்டார். அதனாலேயே தசரதனுக்கு அதிக வெட்கமாக இருந்தது. வந்தவாசியில் இறங்கி வேறு பஸ், செங்கல்பட்டில் இறங்கி இன்னொரு பஸ். மகாபலிபுரத்தில் லாட்ஜ் அறைக்குள் நுழைந்தபோது கண்ணகிக்கு ஒற்றைத் தலைவலி பிடித்துக்கொண்டது. வெளிச்சம் பட்டாலே கண்ணைத் திறக்க முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், "கொழந்தைய நீங்க தூக்கிகினு போங்க" என்றாள்.

தசரதன் திகைத்துப் போனான். பெண் பிறந்ததிலிருந்து அவன் அதைத் தனியாக வைத்திருந்ததே இல்லை. அது விழித்திருக்கும் நேரமெல்லாம் அவன் தறியில் இருப்பான். குழிக்கு வெளியே தெரியும் தலையையும் தோளையும்தான் அது பார்த்திருந்தது. அப்பா என்பவர் இடுப்புக்கு மேலே மட்டும்தான் இருப்பார் என்று நினைத்திருந்தாலும் தப்பில்லை. அவன் தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அம்மாவிடம் தாவும்.

அன்றும் அழுதது. லாட்ஜ் வாசலில் அழுதது, கடைத்தெருவில் அழுதது, சிற்பங்களைப் பார்த்து அழுதது. கடற்கரையில் மணல்மேல் உட்கார வைத்ததும் நிறுத்தியது. ஆனால் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு நாய் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது. கால்களால் மணலை வாரி வாரிப் பின்னால் தள்ளியது. அதைப் பார்த்துக் குழந்தை சிரித்தது. நாய் நிறுத்தினால் சிரிப்பும் நின்றது, தோண்டினால் மறுபடி சிரித்தது. சிரித்தபடியே ஒரு பிடி மணலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டது.

தசரதன் பதறி, விரலை விட்டு மணலை வழித்தெடுத்தான். விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. குழந்தையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தான். மேல் ஈறில் ஒரு பல் முளைத்திருந்தது. அவன் அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டான். வெயில் சுட்டது, துண்டை எடுத்துக் குழந்தையின் தலையில் போட்டான். அது அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தது. அவன் மறுபடி போட்டான், அது மறுபடி இழுத்தது. அவர்களுக்குள் அது ஒரு விளையாட்டாக ஆயிற்று. பிறகு அவன் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனது. கை மரத்துப்போன பிறகும் அவன் அதைக் கீழே படுக்க வைக்கவில்லை.

சாயங்காலம் தலைவலி விட்டு எழுந்த கண்ணகியிடம், "மேல பல்லு வந்திருக்குது" என்றான்.

"அது வந்து எத்தினியோ நாளாவுதே."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னேனே. தறி சத்தத்துல கேட்டிருக்காது" என்றாள் அவள்.

ஊர் திரும்பியதும் கமலம் விசாரித்தாள். "கடலப் பாத்து கொழந்த இன்னா பண்ணுச்சு?"

"நாயப் பாத்து சிரிச்சுது" என்றாள் கண்ணகி.

"நம்ம தெருவுல இல்லாத நாயா?" என்றாள் கமலம். தெருவே சிரித்தது. தசரதனும் கூடச் சேர்ந்து சிரித்தான். பல்லைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்பதில் ஊட்டிக்குப் போனார்கள். மகன் தமிழ்வாணன் அப்போதுதான் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தான். அந்தப் பயணம் சரியாக அமையவில்லை. நெடுந்தூரம், பஸ் மாறி மாறிப் போனது, ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று அலைந்த இடங்கள், பழக்கமில்லாத குளிர். இரண்டாம் நாளே பையனுக்குக் காய்ச்சல் கண்டு, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அங்கேயே ஒரு டாக்டரிடம் ஓடினார்கள். அவர் மருந்து கொடுத்து, கீழே இறங்கிவிடச் சொன்னார். கண்ணகி வழியெல்லாம் பையனின் நெஞ்சில் கையை வைத்தபடியே வந்தாள்.

கமலத்தின் கோபத்துக்கு இந்த முறை நியாயம் இருந்தது. "பச்சப்புள்ளைய பனியில கொண்டுபோயி போட்டு இன்னாத்த கண்ட? அவனுக்கு ஏதாவது ஆயிருந்தா?"

பையன் தேறி ஓடியாடத் தொடங்கிய பிறகும் கண்ணகி தேறவில்லை. பயணப் பையைத் துவைத்துப் பரண்மேல் போட்டாள். இரண்டு வருஷத்துக்கு மேல் எந்த ஊர்ப் பேச்சும் எடுக்கவில்லை. வேலூருக்குப் போய்வரச் சொன்னால்கூட, "எதுக்கு பேஜார்" என்றாள். தசரதன் தறியிலிருந்தபடியே அவளைக் கவனித்தான். வீடு அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதி அவனுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் ஒரு பாவு முடியும் தறுவாயில், சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நாளைக்கி கடைசி சேலைய தறியிலேர்ந்து அறுத்துடுவேன். எங்க போலாம்?"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கண்ணகியின் கை நின்றது. "யாரு, நீங்களா கேக்கறது?"

"குளுரு இல்லாத எடமா பாரு."

"எனக்கு பயமா இருக்குதுங்க. அண்ணி சொன்னது சரிதான். இதுங்களுக்கு இன்னா தெரியப்போவுது?"

தசரதன் சோற்றைப் பிசைந்தான். பேச்சு அவனுக்குச் சுலபமாக வராது. "மகாபலிபுரத்துல நீ தலவலின்னு படுத்துட்ட இல்ல? அன்னிக்கி நீ படுக்காம இருந்திருந்தா எனக்கு அந்தப் பொண்ணத் தெரிஞ்சே இருக்காது. அதுங்களுக்குத் தெரியுதோ இல்லியோ. எனக்குத் தெரிஞ்சுது."

கண்ணகி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் கண்ணகி யாரென்று தசரதன் முழுசாகப் பார்த்தான். ஊட்டியில் என்ன தப்பாகிப்போனது என்பதை அவள் இத்தனை நாள் மனதுக்குள் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். இப்போது எல்லாவற்றையும் மாற்றினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் ஒரே ஒரு ஊர். அங்கே ஒரே ஒரு இடம். குழந்தைகள் தூங்கும் நேரத்தில் பெரியவர்களும் தூங்க வேண்டும். குடிக்கிற தண்ணீரும் கஞ்சிமாவும் வீட்டிலிருந்தே வரும். ஏலகிரிக்குப் போனார்கள். ஏரியில் படகு ஓடியது. தமிழ்வாணனோ கரையோரத்துக் குட்டையில் கல் எறிவதைவிட்டு அசையவில்லை. "படகு ஏறலன்னா இன்னா இப்ப?" என்று கண்ணகியும் உட்கார்ந்து கல் பொறுக்கிக் கொடுத்தாள். தசரதனும் சுபலட்சுமியும் யார் கல் தூரம் போகிறது என்று போட்டி போட்டார்கள். யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

எதிர்வீட்டு ஹேமலதாவுக்கு அந்த வருஷம்தான் குழந்தை பிறந்திருந்தது. அவள் புகுந்த வீட்டில் எல்லாரும் கன்னியாகுமரி கிளம்பி, "கைக்கொழந்தைய வெச்சிகினு நீ எங்க வரப்போற" என்று அவளை மட்டும் வீட்டுக் காவலுக்கு விட்டுப் போனார்கள். கண்ணகியிடம் வந்து அழுதாள். "அழுவாத. அடுத்த வாட்டி நாங்க போறப்ப வா. உன் ஊட்டுக்காரரையும் கூட்டிகினு வா" என்றாள் கண்ணகி.

இப்படித்தான் அந்த வேன் ஆரம்பித்தது. இரண்டாயிரத்து மூன்றில் கண்ணகி ஐந்து குடும்பங்களைச் சேர்த்தாள். எல்லாரிடமும் கைக்குழந்தை. வாடகை வேன் ஓட்டும் தனசேகரன் கேட்டவுடனே கையெடுத்துக் கும்பிட்டான்.

"வாணாம்க்கா. அஞ்சும் வாந்தி எடுக்கும். அப்புறம் கல்யாணத்துக்கு இந்த வண்டியில எவன் ஏறுவான்?"

"சீட்டு மேல பழைய போர்வை போட்டுக்கறோம். திரும்பி வந்ததும் நாங்களே கழுவிக் குடுக்கறோம்" என்றாள் கண்ணகி. சொன்னபடியே தசரதனைக் கூட்டிப் போய்க் கழுவிக் கொடுத்தாள்.

மறுபடி ஏலகிரிக்கே போன அந்த முதல் வேனில், வாத்தியார் வேலை பார்க்கும் அருள்பிரகாஷும் அவர் மனைவி சோபியாவும் வந்தார்கள். வேனின் மேல்கம்பியில் பழைய சேலையால் ஏணை கட்டி, குழந்தைகளை மாற்றி மாற்றிப் படுக்க வைத்தாள் கண்ணகி. சோபியாவின் குழந்தை மட்டும் எதற்கும் மசியவில்லை. ஆரணியில் எடுத்த அழுகையை வேலூர் தாண்டியும் நிறுத்தவில்லை. சோபியாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நாங்க எறங்கி பஸ்ல திரும்பிடறோம்க்கா. எல்லாருக்கும் தொந்தரவு" என்றாள்.

"சுத்திப் பாரு. யாராவது திரும்பிப் பாத்தாங்களா?" என்றாள் கண்ணகி.

யாரும் பார்க்கவில்லை. ஒருத்தி துணி மாற்றிக்கொண்டிருந்தாள். ஒருத்தர் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். ஹேமலதாவின் கணவர், வாயால் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அதுக்குத்தான் கொழந்த இல்லாத யாரையும் நான் ஏத்தல" என்றாள் கண்ணகி. சோபியா அழுகையும் சிரிப்புமாகக் குழந்தையை அவளிடம் கொடுத்தாள். ஆம்பூருக்கு முன்னால் அது தூங்கியது.

கைக்குழந்தை இல்லாதவர்களுக்கு இடமில்லை என்பது பிறகு சட்டமாகவே ஆகிவிட்டது. சத்துவாச்சாரியிலிருந்து, செய்யாற்றிலிருந்தெல்லாம் விசாரித்து வந்தார்கள். கண்ணகி ஒரு நாளும் அதைத் தொழிலாக ஆக்கிக்கொள்ளவில்லை. ஆன செலவை எல்லாரும் பங்கிட்டுக்கொள்வதோடு சரி. கமலம் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை. செவிடன் காது, சங்கு என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் வேன் கிளம்பும் நாளில் ஓமத்தை வறுத்துப் பொட்டலம் கட்டி, வசம்பும் வைத்து, பெரிய ஃப்ளாஸ்கில் வெந்நீரோடு வந்து நிற்பாள். "காதுல பஞ்சு வெச்சீங்களாடி?" என்று ஜன்னல் ஜன்னலாகக் கேட்பாள்.

ஒருநாள், எட்டாவது படித்துக்கொண்டிருந்த சுபலட்சுமி கேட்டாள். "மகாபலிபுரம், மகாபலிபுரம்னு அப்பா சொல்லிகினே இருக்காரு. எனக்கு அதுல ஒண்ணுகூட ஞாபகமில்லம்மா. அப்ப எதுக்கு என்னைக் கூட்டிகினு போன?"

"எனக்கு ஊட்டி ஞாபகமிருக்குது. அங்க யானை பாத்தேன்" என்றான் தமிழ்வாணன். ஊட்டியில் யாரும் யானையைப் பார்க்கவில்லை.

கண்ணகி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ஒனக்கு ஞாபகம் இருக்கணும்னு நான் போவலடி. அன்னிக்கி நீ எங்க கூட இருந்த. அது போதும்" என்றாள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை என்பது போல உலையைப் பார்க்கப் போனாள். தறியில் இருந்த தசரதன் நாடாவை நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சாத்தனூர் அணைக்கு வேன் கிளம்பியது. பிள்ளைகள் இருவருக்கும் பள்ளிக்கூடம் இருந்ததால் கமலத்தின் வீட்டில் விட்டிருந்தார்கள். படிக்கட்டில் நின்று எல்லாரையும் ஏற்றிவிட்ட கண்ணகியை, இரண்டாவது குழந்தையோடு வந்திருந்த சோபியா வம்புக்கு இழுத்தாள்.

"அக்கா, உங்க சட்டப்படி உங்களுக்கே எடமில்லியே. உங்க கையில கொழந்தை எங்க?"

வேனே சிரித்தது. கண்ணகி தன் வெறுங்கையைப் பார்த்தாள். உண்மைதான், அவளுக்கு அது தோன்றவே இல்லை.

அதற்குள் தசரதன் எட்டி சோபியாவின் குழந்தையை வாங்கி, பழகிய கையால் தோளில் சாய்த்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். "இது எங்க கணக்கு. வண்டிய எடு தனசேகரா, வெயில் ஏறுது" என்றான்.

கண்ணகி ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். போளூர் ரோட்டில் வேன் திரும்பியபோது குழந்தை அவன் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. தசரதன் அதைத் தடுக்கவில்லை. வெளியே ஓடும் புளியமரங்களை அதற்குக் காட்டி, ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தான்.