நான் தடவிக்கொண்டிருந்த கன்னம்

மஞ்சக்குப்பத்தில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போயிருந்தேன். போட்டோக்காரர், "மேடம், மொகத்த நேரா வைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நேராகத்தான் வைத்திருந்தேன். படத்தில் வலது கன்னம் புடைத்து, முகவாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

அன்றிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. சமைக்கும்போதும் பஸ்ஸிலும் அந்தக் கன்னத்தையே தடவினேன். போனில் தேடினால் கட்டி, புற்று என்றே வந்தது. "சும்மா அதையே நோண்டாத. சிதம்பரம் போயி காட்டிட்டு வந்துடலாம்" என்று கணவர் அழைத்துப் போனார்.

பல் டாக்டர், மெல்லும் தசைகளைப் பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். பல்லைக் கடிக்காமல் அசையாமல் படுக்க வேண்டுமாம். பயத்தில் நான் கடித்துக் கடித்து, படம் கலங்கி, மறுபடியும் எடுத்தார்கள்.

படத்தைப் பார்த்த டாக்டர், "கட்டியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நீங்க தடவுற கன்னம் நல்லாத்தான் இருக்கு. இடது பக்கத் தசைதான் இளைச்சிப் போயிருக்கு. அந்தப் பக்கம் மெல்லறதே இல்லியா?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. முன்பு இடது கடைவாய்ப் பல் சொத்தையாகி வலித்தபோது வலது பக்கமே மென்று பழகினேன். பல்லைச் சரிசெய்து வருஷக்கணக்காகிறது. வலி போன பிறகும் நாக்கு சோற்றை வலப்பக்கமே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது!

இப்போது டாக்டர் சொன்னபடி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்கிறேன். சாப்பிடும்போது கை இன்னும் தானாகக் கன்னத்துக்குப் போகிறது. ஆனால் இடது கன்னத்துக்கு, அது வேலை செய்கிறதா என்று பார்க்க.