பட்டியலில் இல்லாத பெட்டி அண்ணன்

‘வெள்ளி, 10.20. பெட்டி வந்தது. ஆள் உள்ளே வரவில்லை.’ என் சொந்தக் குறிப்புப் புத்தகத்தில், ஜூலை மாதத்துப் பக்கம் ஒன்றில், இந்த ஒரு வரி இருக்கிறது. ஆண்டை வேண்டுமென்றே விடுகிறேன். கொரோனா அடங்கிய பிறகு வந்த ஆண்டுகளில் ஒன்று என்பது போதும். அதற்கு மேல் சொன்னால் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். அப்போது நான் வாவிக்கரை மருத்துவமனை ஒன்றோடு சேர்ந்திருந்த மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். வாட்டுகளிலிருந்தும் வெளிநோயாளர் பிரிவிலிருந்தும் சளிக் கோப்பைகள் ஒரு நீலப் பெட்டியில் தினமும் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும். பெட்டி வந்த நேரத்தைக் குறிக்கும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. நேரத்தையும் தேதியையும் எழுதாமல் விட்டால் அந்த நாள் நடக்கவே இல்லை என்று தோன்றுகிற பழக்கம் எனக்கு.

பெட்டியைக் கொண்டுவருபவரை எல்லோரும் பெட்டி அண்ணன் என்றே அழைத்தோம். ஆரையம்பதியிலிருந்து சைக்கிளில் வருவார். காலையில் பெட்டி, மற்ற நேரமெல்லாம் சிறுநீரக வாட்டில் சக்கர நாற்காலி தள்ளுவது. எட்டு ஆண்டுகளாக அமைய ஊழியர், நிரந்தர நியமனம் இல்லை. ஆய்வுகூடத்துக்குள் வந்ததும் அவர் முதலில் செய்கிற வேலை வாவிப் பக்கத்து ஜன்னலைத் திறப்பது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் பதிவேட்டுத் தாள்கள் பறக்கின்றன என்று அதை மூடி வைப்பவன் நான். திறந்திருக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். அவர் ஒன்றும் சொல்லாமல் திறப்பார்.  பிறகு வாசலோரம் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, எங்கள் ஆய்வுகூடப் பரிசோதகரான மிஸ் கொடுக்கும் பிளேன்டித் தேநீரைக் குடித்தபடி, கிட்னி வாட்டில் தான் தள்ளும் சின்னப் பிள்ளையின் கதை சொல்லிவிட்டுப் போவார். அவர் போனதும் நான் ஜன்னலை மூடுவேன்.

அந்த வாரம் புதன்கிழமை மிஸ் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்து, “சேர், இது மூண்டு பிளஸ்” என்றார். சளியில் காசநோய்க் கிருமி நிறைய இருக்கிறது என்று அதற்குப் பொருள். அப்படிப்பட்டவர் இருமும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து. படிவத்தில் ஓர் ஆணின் பெயரும் உன்னிச்சையில் ஒரு முகவரியும் இருந்தன. வைத்தியரின் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிறுக்கல். அன்று அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. வைத்தியர்களின் கையொப்பங்கள் பெரும்பாலும் அப்படித்தான். வியாழன் பின்னேரம், அந்த நோயாளியைத் தேடிப் போன பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. உன்னிச்சையிலிருந்து தொலைபேசியில் பேசினார். குளத்துக்கட்டு வரை விசாரித்தாயிற்று, அப்படியொரு ஆளும் இல்லை, அப்படியொரு வளவும் இல்லை என்றார்.

 “வெளியாள் இல்ல சேர். இஞ்ச வேலை செய்யிற ஆள்தான்” என்றார் மிஸ். அந்தக் கோப்பையின் மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்டரின் நுனி மடிக்கப்பட்டிருந்ததாம். வீட்டிலிருந்து சளி கொண்டுவருகிறவர்கள் மூடியைத் திருகிவிட்டுத் தருவார்கள். சிலர் பிளாஸ்டரைச் சுற்றி அழுத்தி ஒட்டியிருப்பார்கள். நுனியை மடித்து விடுவது மருத்துவமனைக்காரர்களின் பழக்கம். கையுறை போட்ட விரல் மடிக்காத நுனியைத் தேடிச் சுரண்டினால் கையுறை கிழியும், கோப்பை குலுங்கும். பெயரை மறைத்தவர், திறக்கப்போகிறவரின் கையை நினைத்திருக்கிறார்.

நான் என் பட்டியலை எடுத்தேன். பாதுகாப்புப் பட்டியல் என்று அதற்குப் பெயர். என்-95 முகக்கவசம் யார் யாருக்கு, ஆண்டுக்கொரு தடவை எக்ஸ்ரே நெஞ்சுப் படம் யார் யாருக்கு, தொற்றுத்தடுப்புப் பயிற்சிக்கு யார் யார் என்று வரவுப் பதிவேட்டைப் பார்த்து நான் தயாரித்தது. வெள்ளி காலை எட்டு மணியிலிருந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். மெலிந்தவர், லீவு கேட்டவர், இருமினவர் என்று நினைவுபடுத்திப் பென்சிலால் குறித்து, பிறகு அழித்தேன். ஒருவரும் பொருந்தவில்லை. அந்த ஆள் இந்தக் கட்டடத்துக்குள் எங்கோ மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில், வாசலில் யார் செருமினாலும் நிமிர்ந்து பார்த்தேன்.

பத்து இருபதுக்குப் பெட்டி வந்தது. பெட்டி அண்ணன் அதை வாசற்படியில் வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நின்றார். முகத்தில் இரண்டு துணி மாஸ்க், ஒன்றின் மேல் ஒன்று.

“உள்ளுக்க வாங்களன் அண்ணன். தேத்தண்ணி ஆறுது” என்றார் மிஸ்.

“உள்ளுக்க புழுங்குது மிஸ். கச்சான் நேரத்தில இந்த அறைக்க ஆர் நிப்பான்? சேர்ர ஜன்னலும் பூட்டு.”

“போன கிழமை வரைக்கும் இருந்தீங்கதானே. எங்களோட கோவமா?”

“உங்களோட கோவிச்சா எனக்குப் பிளேன்டி தாற ஆர்?” என்று சிரித்தார். தேநீர்க் கோப்பையை வாசல் நிலையோரம் வைக்கச் சொல்லி, மிஸ் விலகிய பிறகே எடுத்தார்; தூரத்தில் நின்று குடித்தார்; கோப்பையைத் தானே குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அந்த வாரம் முழுவதும் அவர் அப்படித்தான் செய்திருந்தார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்திருக்க வேண்டும். மிஸ் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “சேர், உங்கட லிஸ்டில பெட்டி அண்ணன் இருக்காரா?”

இல்லை. அமைய ஊழியர்கள் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிடுவதில்லை. மேற்பார்வையாளரிடம் ஒரு கொப்பி இருக்கும், அதில் ஒப்பமிடுவார்கள். பதிவேட்டில் இல்லாததால் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததால் முகக்கவசம் இல்லை, நெஞ்சுப் படம் இல்லை, பயிற்சி இல்லை. நுனியை மடிப்பதை அவர் பிறர் செய்யப் பார்த்துப் பழகியிருந்தார். எட்டு ஆண்டுகள் தினமும் அந்தப் பெட்டியைத் தூக்கியவர் அவர் ஒருவரே.

திங்கட்கிழமை அவருக்கு மெடிக்கல் என்ற மருத்துவப் பரிசோதனை. நிரந்தர நியமனத்துக்கான அழைப்புக் கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்து காட்டியிருந்தார். நெஞ்சுப் படம் கேட்பதும் கேட்காததும் பரிசோதிப்பவரைப் பொறுத்தது. எங்கள் நோயாளர் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் கேட்காமல் விடமாட்டார்கள்; நோய் தெரிந்தால் நியமனம் கைநழுவும். அவர் வெறும் பெட்டியை எடுக்க வரும் நண்பகல் வரை நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த நேரத்தில் சிறுநீரக வாட்டில் யாருடைய நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருப்பார் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆள் அனுப்பி உடனே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது வந்தார். மிஸ் அவரை வாவியோரத்து அரைச்சுவர்ப் பக்கம் அழைத்துப் போனார். காற்று எங்கள் பக்கமிருந்து அவர் பக்கம் வீசும்படி நின்றோம். அப்படி நிற்பதை அவரும் கவனித்தார்.

“அண்ணன், உன்னிச்சையில உங்களுக்கு ஆரும் சொந்தமா?”

“பொஞ்சாதிட ஊர் மிஸ்.” “எத்தின பிளஸ்?” என்றும் கேட்டார்.

“மூண்டு.”

சுவரில் உட்கார்ந்தார். “ஒண்டெண்டு நினைச்சன்” என்றார். பிறகு மிஸ்ஸை விட்டு என்னைப் பார்த்தார். “சேர், தேதிய நீங்கதானே போடுற. திங்கக்கிழமை மெடிக்கல் முடிய அண்டைய தேதியப் போட்டு என்ட பேர எழுதுங்க. அண்டைக்குப் பின்னேரமே வந்து குளிசை குடிக்கிறன். எட்டு வருசம் சேர்.”

நான் ஒருபோதும் தேதியை மாற்றி எழுதியதில்லை. ஆனாலும் அன்று, “இடையில ரெண்டு நாள்தானே மிஸ்” என்று சொன்னவன் நான். அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும்.

மிஸ் அவர் பக்கம் திரும்பினார். “நாளைக்கு விடிய அந்தக் கிட்னி வாட்டுப் புள்ளைய ஆர் தள்ளுற?” என்று அவரிடம் கேட்டார்.

“நான்தான். வேற ஆரும் தள்ளினா அது அழும் மிஸ்.” பிறகு, கேட்காமலே சொன்னார்: “மாஸ்க்கக் கழட்டி மூஞ்ச நெளிச்சிக் காட்டச் சொல்லும். சிரிக்கிறத்துக்கு.”

“கழட்டினீங்களா?”

இரண்டு மாஸ்க்கையும் மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.  எழுந்து, “எழுதுங்க சேர். இண்டைய தேதியப் போடுங்க” என்றார். தன் முழுப் பெயரைச் சொன்னார். அழைப்புக் கடிதத்தில் பார்த்திருந்தாலும், எட்டு ஆண்டுகளில் அதை அவர் வாயால் நான் கேட்டது அதுவே முதல் தடவை. பதிவேட்டில் எழுதினேன்: வெள்ளி, 12.25.

அன்று பின்னேரமே மாத்திரை தொடங்கியது. மெடிக்கலைப் பிற்போடும்படி எங்கள் வைத்தியர் எழுதிய கடிதத்தை நான் தட்டச்சு செய்தேன். அந்தப் பிள்ளையைப் பரிசோதித்தார்கள். நோய் இல்லை, முற்காப்பு மருந்து கொடுத்தார்கள். மிஸ்ஸுக்கும் எனக்கும் படம் எடுத்தார்கள், தெளிவாக இருந்தது. அமைய ஊழியர்களின் பெயர்களைக் கொப்பியிலிருந்து பார்த்துப் பட்டியலில் சேர்த்து அனுப்பினேன். ஆளணியில் இல்லாதோர், அதாவது நிரந்தர ஊழியரல்லாதோர், என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். மூன்றாம் தடவை முகக்கவசத்துக்கு மட்டும் அனுமதி வந்தது. ஆறு மாதமும் பெட்டி அண்ணன் எங்கள் முன்னால் குளிசை விழுங்கினார். ஒரு நாளும் தவறவில்லை, சிகிச்சை அட்டையில் அடையாளமிட்டவன் நான். ஆனால் அவருடைய இடத்துக்கு வேறொருவரை எடுத்திருந்தார்கள். பெட்டியை இப்போது வேறொருவர் தூக்கினார். அட்டை முடிந்த நாளில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

பிற்போடப்பட்ட மெடிக்கல் அவருக்கு நடந்ததா என்பதை நான் பல இடங்களில் விசாரித்திருக்கிறேன். கல்குடாப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் சீருடையோடு நாற்காலி தள்ளிக்கொண்டிருந்தவர் அவர்தான் என்று ஒருவர் சொன்னார். முகம் மூடியிருந்ததாம், நடையை வைத்துச் சொல்கிறாராம். நியமனக் கடிதத்தையோ அதன் பிரதியையோ நான் பார்க்கவில்லை. நியமனம் கிடைத்தது என்று எழுத என்னிடம் சான்று இல்லை, கிடைக்கவில்லை என்று எழுதவும் இல்லை. இதை எழுதும் நாள் வரை அது உறுதிப்படுத்தப்படாத தகவல்.