எடை மேடையில எங்கம்மா

ஒரு பைக்க தூரப் பயணத்துக்கு எப்பிடித் தயார் பண்றதுன்னு எனக்குத் தெரியாது. லாரியத் தயார் பண்ணத்தான் தெரியும். பத்தாவது பெயிலாயி, நாமக்கல்லுல லாரிக்கு பாடி கட்டற பட்டறையில வெல்டிங் புடிக்கப் போனவன் நானு. அதனால எங்கப்பாவோட பைக்கையும் லாரியாவே ஆக்கிப்போட்டேன்.

போறது நானும் எங்கம்மாவும், தூத்துக்குடிக்கு. அப்பா லாரி டிரைவரு. அந்த ஊருக்கு மாசம் நாலு நடை போவாரு. "அடுத்த நடைக்கு உன்னையக் கூட்டிட்டுப் போயி கடலக் காட்டறேன்"னு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பாரு. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல. ஏழு மாசமாச்சு. வருசம் திரும்பற வரைக்கும் கோயிலுக்குப் போகக்கூடாதும்பாங்க. கடலுக்குப் போகக்கூடாதுன்னு யாரும் சொல்லல, நானும் போயிக் கேக்கல.

அம்மா அன்னையில இருந்து ஊட்ட உட்டு வெளிய வரல. சோத்துல தண்ணி ஊத்தி ரெண்டு வாயி, அவ்வளவுதான். இப்பிடியே உட்டா அம்மாவும் போயிருமோன்னு எனக்கு பயம். பயமா இருக்குதும்மான்னு சொல்ற தகிரியமில்லாம, வண்டியப் புடிச்சு நோண்ட ஆரம்பிச்சேன்.

செயின் மாத்துனேன், பிரேக் கட்டை மாத்துனேன், ரெண்டு டயரும் புதுசு. அதோட நிறுத்தியிருக்கலாம். பை வெக்க கேரியர் வேணுமேன்னு லாரிக்குப் போடற இரும்பு ஆங்கிள வெட்டி வெல்டு வெச்சேன். முதலாளி வந்து பாத்தாரு.

"ஏன்டா, இதுல சிமெண்டு ஏத்தப் போறியா, உங்கம்மாள ஏத்தப் போறியா?"

"பலமா இருக்கட்டுங்ணா."

"முன்னாடி சக்கரம் மேல தூக்குதுடா!"

அடுத்தது ஷாக் அப்சர்பர். பொறத்தால உக்கார்ற ஆளோட எடைக்குத் தக்கன அத இறுக்கோணும். அம்மாகிட்ட எடை கேட்டேன். "நான் எங்க சாமி வரப்போறேன், அந்த வண்டி என்னயத் தாங்காது"ன்னு சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு.

லாரிக்காரன் புத்தி எங்க போகும்? அம்பது கிலோ கோழித் தீவன மூட்டை ஒண்ணத் தூக்கி பின் சீட்டுல வெச்சு, லாரிக் கயித்துல என்னோட சேத்துக் கட்டிக்கிட்டு ஊரச் சுத்துனேன். டீக்கடை அண்ணன் கூப்புட்டாரு.

"என்ன தம்பி, பொண்ணு அமைஞ்சிருச்சாட்ட இருக்குது? வாயே தொறக்கல, தங்கமான புள்ள!"

"இல்லீங்ணா, எங்கம்மாங்க"ன்னுட்டேன். சோதனைக்கு அம்மாவுக்குப் பதிலா வெச்சிருக்கறேன்னு சொல்லியிருக்கோணும். முழுசாப் பேசத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் பத்தாவதுல பெயிலாவறேன்?

அப்பிடியே லாரி எடை போடற மேடையில ஏத்துனேன். வண்டி, நானு, மூட்டை எல்லாஞ் சேந்து எரநூத்தி அறுவது கிலோ. சரின்னு ஷாக்க கடைசி வரைக்கும் இறுக்கிப்போட்டு ஊட்டுக்குப் போனா, அம்மா வாசல்ல நிக்குது.

"மூட்டையப் போயி அம்மான்னு சொன்னியாமா? தெருவே சிரிக்குது. எறக்குடா அத."

எறக்குனேன். அம்மா சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு ஏறி உக்காந்துச்சு. "ஓட்டு. அம்மா யாருன்னு அவனுகளும் பாக்கட்டும்."

ஏழு மாசத்துக்கப்பறம் வெளிய வந்த அம்மாவ எங்கியாச்சும் நல்ல எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். நான் மறுபடியும் எடை மேடைக்கே போனேன்.

"இது நெசமான அம்மாங்களா?"ன்னாரு அங்க எடை பாக்கற ஆளு. எரநூத்தி அம்பதுன்னு காட்டுச்சு.

"எவ்வளவுடா?"

"சரியா இருக்குதும்மா."

"மூட்டைய உட பத்துக் கிலோ கம்மிங்கம்மா!"ன்னு அந்த ஆளு உள்ள இருந்து கத்துனாரு.

எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. எங்கம்மா ஒரு தீவன மூட்டை கூட இல்ல. ஹேண்டில்பாரப் புடிச்சுக்கிட்டு தேம்பித் தேம்பி அழுவறேன், பொறத்தால ஜல்லி லாரி ஒண்ணு ஆரன் அடிக்குது. இருவத்தி நாலு வயசு ஆம்பள, எடை மேடையில. அப்பா செத்தன்னைக்குக் கூட இப்பிடி அழுவல.

அம்மா என் முதுகுல கைய வெச்சுச்சு. "போ சாமி, லாரிக்காரரு நிக்கிறாரு பாரு."

பக்கத்து ஊரு புதுச்சத்திரம் வரைக்கும் அப்பிடியே ஓட்டிட்டுப் போனேன். அங்க ஒரு கடையப் பாத்து நிறுத்தச் சொல்லுச்சு. நாலு இட்லி கேட்டு வாங்கி, நாலையும் தின்னுச்சு. நான் பாக்கறதப் பாத்துப்போட்டு, "என்னடா பாக்கற, எண்ணிக்கிட்டா இருக்கற?"ன்னு அதட்டுச்சு. எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்.

கை கழுவிட்டு வந்து வண்டியச் சுத்திப் பாத்துச்சு. "கடலுக்கு வாரேன். ஆனா இந்த இரும்பக் கழட்டிப் போடு. ரெண்டு சேலைக்கு எதுக்குடா இது, ஒரு பை போதாதா?"

மறுநாளு காத்தால இருந்து அறுக்கறேன், மத்தியானம் வரைக்கும் பாதிதான் வந்திருக்குது. என்ன பண்றது, வெல்டிங் மட்டும் எனக்கு நல்லா வரும்.