பக்கத்து சீட்டு பிரேக்

தொலைக்காட்சியில் ஒரு லாரி கண்மண் தெரியாமல் திரும்புகிறது. சோபாவில் இருக்கும் மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி அழுத்துகிறது. லாரி நிற்கவில்லை. மாஸ்டருக்கு அதில் வருத்தம்தான். மனைவி பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கும்போதும் அழுத்துவார். தூக்கத்தில் அழுத்தியதில் இதுவரை இரண்டு போர்வைகள் கிழிந்திருக்கின்றன.

முப்பத்தோரு வருடம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த கால் அது. பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மற்ற ஆசிரியர்கள், ஓட்டுகிறவர் சொதப்பினால் மிதிப்பார்கள். இவரோ, ஓட்டுகிறவர் எப்படியும் சொதப்பத்தான் போகிறார் என்று முன்கூட்டியே மிதித்துவிடுவார். அதனால் ஊருக்கே 'பிரேக் மாஸ்டர்'.

வாயும் சும்மா இருக்காது. "கண்ணாடியப் பாரும்மா. பின்னாடி வண்டி வருதான்னு பாரு, தலைய அப்புறம் சீவிக்கலாம்." "கியர மெதுவாப் போடுங்க சார், அது என்ன அடிபம்பா?" யாராவது சன்னலுக்கு வெளியே கையைத் தொங்கப்போட்டால் மட்டும் குரல் ஏறிவிடும். "கைய உள்ள எடு! அது என்ன, காயப்போட்ட சட்டையா?"

அறுபது வயதானபோது, எப்போது ஓய்வு என்று முதலாளி கேட்டார். "என் பிரேக் தேவைப்படாத ஒரு நாள் வரட்டும். அன்னைக்கே சாவியக் குடுத்துடறேன்" என்றார் மாஸ்டர். நான்கு வருடமாகியும் அந்த நாள் வரவில்லை. எப்படி வரும்? தேவையா இல்லையா என்று பார்ப்பதற்குள் கால் போய்விடுகிறதே.

இதில் மாட்டிக்கொண்டவர் மனைவிதான். கடலுக்குக் காரில் போகவேண்டும், தானே ஓட்டவேண்டும், பக்கத்தில் கணவர் இருக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. லைசென்ஸ் வாங்கியே ஒன்பது வருடமாகிறது. அதுவும் வேறொரு ஸ்கூலில். "இவர்கிட்ட கத்துக்கிட்டிருந்தா லைசென்ஸ் கிடைச்சிருக்கும். புருஷன் மிஞ்சியிருக்க மாட்டார்" என்பார். ஒரே ஒரு முறை கணவரை ஏற்றிக்கொண்டு காய்கறிக் கடை வரை போனார். போவதற்குள் மாஸ்டர் பக்கத்துக் கால்மிதி கிழிந்துபோயிற்று. திரும்பும்போது மாஸ்டர் முட்டைக்கோசோடு பஸ்ஸில் வந்தார்.

போன வருடம் பயிற்சிக் கார் சர்வீசுக்குப் போனது. மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"மாஸ்டர், உங்க பக்கத்து பிரேக்க எப்பக் கழட்டுனீங்க?"

"நான் எதுக்குப்பா கழட்டறேன்?"

"கேபிள் அறுந்து மூணு மாசமாவது இருக்கும். துரு ஏறிக் கிடக்கு. மிதிச்சா பெடல் சும்மா போய்ட்டு வருது, அவ்வளவுதான்."

"நேத்துகூட ஒரு பேங்க் மேனேஜர குப்பை லாரி மேல மோதாம நிறுத்தினேனே!"

"அவராவே நின்னிருப்பாரு மாஸ்டர்."

மாஸ்டர் அங்கே கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதமாக அவர் சாப்பாட்டு மேசையில் அளந்த வீரக்கதைகள் அத்தனையும் அந்தக் கேபிளோடு அறுந்து தொங்கின. அவர் பிரேக் தேவைப்படாத நாள் ஒன்றல்ல, தொண்ணூறு வந்து போயிருக்கின்றன. அன்று மாலையே முதலாளியிடம் சாவியைக் கொடுத்தார். மெக்கானிக் பெடலைக் கழற்றித் துடைத்து நினைவுப் பரிசாகக் கொடுத்தார். மனைவி அதை சோபாவின் முன் வைத்தார். "இதுமேலயே மிதிங்க. தரை தேயுது."

ஆனாலும் கடல் பயணம் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. கடைசியில், சென்ற வாரம் மனைவி காரை வெளியே எடுத்தார். நிபந்தனை ஒன்றுதான். "ஒரு தடவை மிதிச்சாலும் பஸ் ஸ்டாப்ல இறக்கிவிட்டுட்டு நான் தனியாப் போயிடுவேன்."

மாஸ்டர் தோளில் பையோடு ஏறினார்.

"பையில என்னங்க?"

"துண்டு."

"துண்டு 'டங்'குன்னா சத்தம் போடும்?"

பெடல் வெளியே வந்தது. மனைவி கோபப்படவில்லை. "பிரேக் என்கிட்ட இருக்கு. பக்கத்துல ஆள் இருந்தாப் போதும்" என்றார். மாஸ்டர் இறங்கிப்போய்ப் பெடலை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றினார். பெல்ட்டை மாட்டினார். பிறகு இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு, வலது காலின் கட்டைவிரலைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

முதல் நாற்சந்தியில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே வந்தது. பிடித்த விரல் சிவந்தது. கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நின்றது. லாரி போனது. கார் மறுபடி நகர்ந்தது.

மாஸ்டர் மனைவியின் காலைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை விட்டுவிட்டு, சன்னல் கண்ணாடியை இறக்கி, காயப்போட்ட சட்டைபோலக் கையை வெளியே தொங்கவிட்டார்.